வயது போனால் கார் கழட்டும் ஆசையும் போகுமா?

கேள்வி: வவுனியாவிலிருந்து ஒருவர், 7 ஜூன் 2025

வயது 54. லீவு நாட்களில் பழைய கார் கழட்டிப் பூட்டுவதுதான் இளமையிலிருந்து பொழுதுபோக்கு. இப்போது ஒரு ஏ40 சோமசெற், பழைய ஒஸ்ரின் கார், கொட்டிலில் நிற்கிறது, எஞ்சின் இறக்கியபடி. கைவைக்க மனம் வருவதில்லை. போய்ப் பார்க்கிறேன், சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கிறேன். இது வயதா, சோம்பலா? என்னைவிட மூத்தவர்கள் சொல்லுங்கள். விற்றுவிடலாமா?

8 ஜூன்

எஞ்சினை எங்கே வைத்திருக்கிறீர்கள், நிலத்திலா? அப்படியென்றால் இந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு முதலில் அதை மேசை உயரத்துக்குத் தூக்குங்கள். இரண்டு பெடியன்களைப் பிடித்தால் போதும். பிறகு வந்து ஆசை இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள்.

எனக்கு 66. மாங்குளம். ஓய்வுபெற்ற கணித வாத்தியார், மெக்கானிக் அல்ல. வீட்டில் நிற்பது மொரிஸ் மைனர், 803 சிசி, முன்கண்ணாடி நடுவில் பிளந்த பழைய மாதிரி. 2012இல் சாவகச்சேரிப் பக்கம் பின்சீற்றில் கோழி அடைகிடந்த நிலையில் வாங்கினேன். கதவுத்தூணிலிருந்து எழும்பி நிற்கும் சிக்னல் கைகளில் இடப்பக்கக் கை இன்னும் வேலை செய்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது என் சொந்தக் கையை வெளியே நீட்டுகிறேன்.

ஆசை எனக்குக் குறையவில்லை. குனியவும் படுக்கவும் எழும்பவும்தான் ஏலாது. ஏலாது என்று சொல்ல வெட்கமாக இருப்பதால் 'இப்ப அதில் அவ்வளவு விருப்பம் இல்லை' என்று சொல்லிக்கொள்கிறோம்.

8 ஜூன், இரவு

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. எல்லா வேலையும் ஒரேயளவாகக் கஷ்டமாவதில்லை. சில வேலை வயதோடு சுலபமாகிறது.

ரப்பெற் வைப்பதை, அதாவது எஞ்சின் வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்வதை, எடுங்கள். இடைவெளி 12 தௌ, ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பது வயதில் பீலர் கேஜை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, உள்ளே விட்டுக் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது வெள்ளெழுத்து, கண்ணாடி போட்டால் வியர்வையில் மூக்கால் வழுகி விழுகிறது. அதனால் பார்ப்பதை விட்டுவிட்டேன். தகட்டை இழுக்கும்போது விரலில் மெல்லிய பிடிப்புத் தெரிய வேண்டும்: பிடிக்கவும் கூடாது, சும்மா வழுகவும் கூடாது. அது விரல் அறிகிற விஷயம்.

அதோடு இந்த எஞ்சினில் ஒன்பது கணக்கு இருக்கிறது. எட்டு வால்வு. எட்டாவது முழுதாகத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதைச் சரி பார்க்கலாம். ஏழுக்கு இரண்டு, ஆறுக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு, பிறகு மறுவளமாக. எப்போதும் கூட்டினால் ஒன்பது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூட்டல் படிப்பித்தேன், ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லையே என்று இப்போது கவலையாக இருக்கிறது.

11 ஜூன்

கனடாவில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: சூடாக்கிய கராஜ், தூக்கும் மேடை, அலுமாரி நிறைய வேலை ஆயுதம், எல்லாம் இருந்தும் 50 வயதில் ஆசை செத்துப்போச்சு, வன்னியில் நீங்கள் ஒன்றும் இல்லாமல் எப்படி ஓட்டினீர்கள், அந்த ஆசை எப்படி வந்தது என்று.

தம்பி, அது ஆசை இல்லை. 1990 ஜூனில் சண்டை தொடங்கியதோடு பெற்றோல் வருவது நின்றது. பற்றறியும் தடை. வீட்டில் அப்பாவின் ஏ40 நின்றது. அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளைப்பேறு, ஒரு பாம்புக்கடி என்றால் அதுதான் ஓட வேண்டும். ஓட வேண்டும் என்றால் மண்ணெண்ணெயில் ஓட வேண்டும்.

செய்முறை இதுதான். பொனற்றுக்குள் சின்ன ரின் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல். அதில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் பைப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வீட்டுக்குக் கிட்ட வரும்போது மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றர் கிண்ணத்தில் பெற்றோல் நிரம்பிய பிறகுதான் நிறுத்துவது. மறந்து நிறுத்தினால் அடுத்த நாள் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயைத் தீண்டாது. மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். தட்டாமல் இருக்க இக்னிஷனை, பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளி வைப்போம், சிலர் ஹெட் கஸ்கட்டைத் தடிப்பாக்கினார்கள். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பில் இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். டிப் குச்சியில் அளவு குறையாமல் கூடிக்கொண்டு போவதைப் பார்த்துச் சந்தோசப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களின் பேரிங் கனகாலம் இருக்கவில்லை.

இதை வன்னியின் கண்டுபிடிப்பு என்று பெருமையாக எழுதுகிறவர்களுக்கு ஒன்று: பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய்க்கு மாறுவது பேர்கசன் ரீஈ20 உழவு இயந்திரத்தில் கொம்பனியே செய்து விற்ற ஏற்பாடு. நம் அப்பாமாருக்கு அது தெரிந்திருந்தது. நாங்கள் அதைக் காருக்கு ஏற்றினோம், அவ்வளவுதான். அதுவும் சின்ன வேலை இல்லை, சரி.

12 ஜூன்

எஞ்சினைக் கையால் சுழற்றும் ஹாண்டில் சுற்றுவது பற்றிக் கேட்டவருக்கு: பெருவிரலை மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கமாக வையுங்கள். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது பெருவிரலோ மணிக்கட்டோ போய்விடும். கீழிருந்து மேலே இழுங்கள், அமுக்கிச் சுற்ற வேண்டாம். ரப்பெற் வைக்கச் சுற்றுவதென்றால் நான்கு பிளக்கையும் கழட்டிவிடுங்கள், குழந்தையும் சுற்றும். இளமையில் கழட்டாமலே சுற்றினேன். ஏன் என்று கேட்டால், பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்.

19 ஜூன்

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் ஆசை முதல்முதல் குறைந்தது 43 வயதில். 2002இல் ஏ9 திறந்தது. வவுனியாவிலிருந்து பெற்றோல் வந்தது, கொழும்பிலிருந்து சாமான் வந்தது. அதுவரை சைக்கிள் ரியூப்பை வெட்டி வோசர் செய்த கைக்குப் பெட்டியில் வந்த புது றப்பரைப் போட என்ன வேலை இருக்கிறது? ஓமந்தை தாண்டிப் போய்த் தெரிந்த கராஜில் விட்டுவிட்டு இந்துக் கல்லூரிப் பக்கம் கூட்டாளிகளோடு கதைத்துக்கொண்டிருப்பேன். ஏ40இன் பொனற்றை மாதக்கணக்கில் திறக்கவில்லை. 43 வயது ஒரு வயதா?

ஆகவே வயதோடு ஆசை போகிறது என்ற கணக்கே எனக்குப் பொருந்தவில்லை. தேவை போனதோடு போனது. உங்களுக்கும், வவுனியாத் தம்பி, அந்த சோமசெற் ஓடாவிட்டால் என்ன நட்டம்? வீட்டில் வாகன்ஆர் நிற்கிறது என்று நீங்களே வேறு இடத்தில் எழுதியிருந்தீர்கள்.

21 ஜூன்

ஏ40க்கு என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2009இல் விசுவமடுவுக்கு இந்தப் பக்கம் விட்டோம். பெற்றோல் இல்லை, தெருவில் இடமும் இல்லை. பின்சீற்றைக் கழட்டி அம்மாவை இருத்த ரைக்ரர் பெட்டியில் போட்டேன். பிறகு திரும்பி வந்தபோது முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் குவித்துக் கிடந்த வாகனங்களைப் போய்ப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் தேடவில்லை. பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் ஏற்றினார்கள்.

இன்னொன்றும் அப்போது மாறியது. வழியில் கிடக்கும் நட்டு, போல்ற், தகட்டுத் துண்டு எதைக் கண்டாலும் பொறுக்கிச் சட்டைப் பையில் போடுகிற பழக்கம் எங்களுக்கு எல்லாம் இருந்தது. மீள்குடியேறி வந்த பிறகு நிலத்தில் கிடக்கும் இரும்பைத் தொடாதே என்று கண்ணிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட்காரரும் டாஷ்காரரும் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்கள். வாத்தியார் நான் அதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிச் சொல்லி என் கையும் நின்றுவிட்டது. இன்றைக்கும் என் வளவில் விழுந்த என் நட்டையே ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

2 ஜூலை

வேறு கதை. பாலைப்பழக் காலம். காரைப் பாலை மரத்துக்குக் கீழே விட்டவன் அனுபவிக்க வேண்டும். பழம் விழுந்து பால் ஒட்டிக் கூரை முழுக்கப் பிசின். பழத்துக்குக் குரங்கு வருகிறது. வந்த குரங்கு வைப்பர் றப்பரைக் கழட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மேலே இருந்து சப்பிப் பார்த்து, பிடிக்கவில்லைப் போல, அடுத்த வளவில் எறிந்தது. மனுசி சொன்னாள், உங்களைவிட அது கெதியாய்க் கழட்டுது என்று.

மண்ணெண்ணெயால் துடைத்தால் பிசின் போகும். பெயின்ற் பழையதென்றால் மெதுவாக.

13 ஜூலை

உடம்பைப் பற்றி ஒழுங்காக எழுதவில்லை என்கிறார்கள். எழுதுகிறேன்.

சீனி வருத்தம் பத்து வருடத்துக்கு மேல். சீனி உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகும் என்று டொக்டர் சொன்னபோது மற்றவர்களுக்கு வருவது என்று நினைத்தேன். இடது தோள் இறுகியது. தலைக்கு மேலே கை போகாது. காருக்குக் கீழே மல்லாக்கப் படுத்தால் செய்யும் எல்லா வேலையும் தலைக்கு மேலேதானே. காலில் காயம் வந்தால் ஆறச் சுணங்கும், உணர்வும் குறைவு. பாட்டாச் செருப்போடு ஜக் தள்ளிய காலம் முடிந்தது. மூடிய சப்பாத்துப் போடுகிறேன், இந்த வெயிலில்.

நான் எதிர்பாராதது காதுதான். மொரிஸின் பெற்றோல் பம்ப் கரண்டில் வேலை செய்வது. திறப்பைப் போட்டதும் டிக் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது தாங்கியில் பெற்றோல் இல்லை. அடிக்கவே இல்லையென்றால் உள்ளே பொயின்ற் ஒட்டிவிட்டது, ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டினால் தொடங்கும். இந்த மூன்றையும் காதாலேயே அறிந்தவன் நான். போன வருடம் ஒருநாள் அடிக்கவில்லை என்று தட்டு தட்டென்று தட்டுகிறேன். பக்கத்து வீட்டுப் பெடியன், ஏஎல் எழுதிவிட்டு இருக்கிறான், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, 'சேர், அது அடிச்சுக்கொண்டுதானே இருக்கு' என்றான்.

வயதோடு முதலில் போவது மெல்லிய, கூரான சத்தங்கள் என்கிறார்கள். இப்போது பம்பில் விரலை வைக்கிறேன். விரல் நுனியில் துடிப்பு நன்றாகத் தெரிகிறது.

14 ஜூலை

'தேவை போனதோடு ஆசை போனது என்றால், 2022இல் தேவை திரும்பி வந்ததே, ஆசையும் வந்ததா?' பரந்தனில் கராஜ் வைத்திருக்கிற தம்பியின் கேள்வி. நல்ல கேள்வி. என் 19ஆம் தேதிக் கணக்கைக் குழப்பிவிட்டது.

வரவில்லை. பெற்றோல் வரிசை கிளிநொச்சியில் நாள் கணக்கில் நின்ற காலம். கியூஆர் அட்டை வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். பழைய ஆள், மண்ணெண்ணெயில் ஓட்டினவர் என்று கேள்விப்பட்டுச் சனம் என்னைத் தேடி வந்தது. ஒருவர் வாகன்ஆர் ஹைபிரிட்டில் மண்ணெண்ணெய் விடலாமா என்று கேட்டார். இன்ஜெக்ரர், கற்றலிற்றிக் எல்லாம் நாசமாகும், விட்டால் காரையும் மறந்துவிடுங்கள் என்றேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் செய்து கொடுத்தேன். சைலென்சரால் அந்த வெள்ளைப் புகையும் மணமும் வந்தது. வயிற்றைக் குமட்டியது. அதற்குப் பிறகு ஒருவருக்கும் செய்யவில்லை. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஏறியதோடு கேட்க ஆளும் வரவில்லை.

சரி, தேவையும் விடை இல்லை. அப்போ 1993இல் ராந்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுச்சாமம் வரை காபரேற்றர் கழுவியதில் எனக்கு என்ன இருந்தது? இருந்தது, பொய் சொல்லவில்லை. பொனற்றைச் சுற்றி நான்கு தலை. ஒருவர் ஊத வேண்டும் என்பார், ஒருவர் ஜெற்றில் ஊசி விடக்கூடாது என்பார், ஒருவர் பீடி பற்றவைத்து எல்லோரிடமும் ஏச்சு வாங்குவார். இன்றைக்குத் தனியாகக் கொட்டிலுக்குள் போகிறேன், அரை மணியில் வெளியே வந்துவிடுகிறேன். பெடியன் வந்து நின்றால் மனுசி இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

பரந்தன் தம்பி, உங்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். நாள் முழுக்க வாடிக்கையாளர் தலைமாட்டில் நின்றால் ஆள் இல்லாத இடம்தான் சொர்க்கம்.

15 ஜூலை

அவர் பதில் போட்டிருக்கிறார்: 'அண்ணை, ஞாயிற்றுக்கிழமை என் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்ற அடுத்த கராஜுக்குக் காசு கொடுக்கிறேன்.' இதற்கு மேல் நான் என்ன எழுத.

27 ஜூலை

பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் ஒழுகியது. மைனர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசனம் போதும். மற்றவர்களுக்கு: இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பின்னாளில் மினியையும் செய்தவர், பெரிய மூளை. ஆனால் பிறேக் ஒயிலைத் தள்ளும் அந்த சிலிண்டரைச் சாரதியின் காலுக்குக் கீழே, சஸியின் தண்டுக்குள் வைத்தார்கள். பிறேக் ஒயில் விடுவதே தரை விரிப்பைத் தூக்கி, ஓட்டை மூடியைக் கழட்டித்தான். சிலிண்டரைப் பிடிக்கும் போல்ற்றை வெளியே இழுத்தால் முன் சஸ்பென்சனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் ரோர்சன் பார் என்ற இரும்புத் தண்டு குறுக்கே நிற்கும். பாரை நகர்த்தினால்தான் போல்ற் வரும்.

இந்த முறை நான் கீழே போகவில்லை. ஜக்கில் தூக்கி, ஜக்கை நம்பாமல் இரண்டு பக்கமும் பனங்குற்றி கொடுத்து, காரை ஆட்டிப் பார்த்து, பெடியனை அனுப்பினேன். நான் மேலே சீற்றில் குந்திக்கொண்டு சொல்வது, அவன் கீழே செய்வது. வாத்தியார் வேலைதான். ஒரு நட்டு வரவில்லை. 13ஆம் நம்பர் ஸ்பனர் போட்டிருக்கிறான். இந்தக் கார் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், 13 அதில் கொஞ்சம் ஆடும். துருப்பிடித்த நட்டில் ஆடினால் மூலை வழித்துவிடும். மேலே இருந்து கத்தினேன். 'சேர், 12.7 என்று முதலே சொல்லியிருக்கலாமே' என்று கீழே இருந்து குரல் வருகிறது.

பின் சில்லு ட்றம்மையும் கழட்டினான். தூசியை வாயால் ஊதப் போனவனை நிறுத்தினேன். பழைய பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். தண்ணீர் ஊற்றி நனைத்துத்தான் துடைக்க வேண்டும். எங்கள் காலத்தில் நான்கு பேரும் சேர்ந்து ஊதினோம்.

ஒன்று எரிச்சலாகத்தான் இருந்தது. இறுக்கிய போல்ற் முதல்முதல் இளகும்போது கைக்கு ஒரு 'டக்' வரும். அது அவனுக்குத்தான் போனது. மேலே சீற்றில் இருந்தவனுக்கு ஒன்றும் வரவில்லை.

17 ஆகஸ்ட்

மடுத் திருவிழாவுக்குப் போய் வந்தோம், பெடியன், மனுசி, நான். வவுனியா போய் மன்னார் வீதியால். பிறேக் பிடித்தது. போகும்போது சுகம், வரும்போது மத்தியான வெயிலில் பெற்றோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகி நின்றுவிட்டது. பைப்புக்கு ஈரத்துணி சுற்றி மரத்தடியில் இருந்தோம். பின்னால் வந்த ஒருவர் புது ஜப்பான் காரை நிறுத்தி, இறங்கி வந்து, தன் அப்பாவிடமும் இப்படி ஒன்று இருந்தது என்று தொடங்கினார். குளிர்ந்து ஸ்ராட் ஆன பிறகும் அவர் முடிக்கவில்லை.

வவுனியாத் தம்பி, எஞ்சினை மேசையில் ஏற்றிவிட்டேன், இன்னும் தொடவில்லை, விற்கத்தான் நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பதில் குற்றம் இல்லை. 2020இலிருந்து வாகன இறக்குமதி நின்ற காலத்தில் பழைய இரும்புக்கே விலை ஏறிக் கிடந்தது. இந்த வருடம் பெப்ரவரியில் இறக்குமதி திறந்துவிட்டார்கள். ஆனால் ஏ40 வாங்க வருகிறவன் புதுக் காரோடு ஒப்பிட்டு வாங்க மாட்டான், பயப்படாதீர்கள். எஞ்சினைத் தனியாக, பொடியைத் தனியாகக் கேட்கிறவனுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். அது பிறகு ஒருநாளும் ஒன்றாகாது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, கதைக்கத் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு ஹெட்டை மட்டும் கழட்டிப் பாருங்கள். நான் வருவேன். படுக்க மாட்டேன், கதிரை வேண்டும்.

30 ஆகஸ்ட்

பெடியனோடு சண்டை. பிளக்குக்குப் பொறி கொடுக்கத் திறந்து மூடும் பொயின்ற்றை எடுத்தெறிந்துவிட்டு டிஸ்ரிபியூட்டருக்குள் எலெக்ரோனிக் இக்னிஷன் போட வேண்டுமாம். 15 தௌ பொயின்ற் வைப்பதுதான் எனக்கு இந்தக் காரில் நின்றபடியே செய்யக்கூடிய மிச்ச வேலை, அதையும் பறிக்கிறான் என்றேன். 'சேருக்குப் பொயின்ற் தெரிகிறதா?' என்றான். தெரியவில்லைத்தான்.

பிரச்சினை வேறு. இந்தக் காருக்குப் பொசிட்டிவ் ஏர்த். பற்றறியின் கூட்டல் முனைதான் பொடியில். சாதாரணக் கிற்றைப் பூட்டித் திறப்பைத் திருப்பினால் அந்த நிமிடமே கருகும். பொசிட்டிவ் ஏர்த்துக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காரையே மாற்ற வேண்டும்: பற்றறி வயரை மாற்றி, கொயில் வயரை மாற்றி, டைனமோவுக்கு எப் முனையில் ஒருதரம் கரண்ட் தொட்டுக் காட்டிப் புதுத் திசை பழக்கி. அதைச் செய்யலாம், மேலேயிருந்து செய்கிற வேலைதான். யோசித்துப் பார்த்தால் நல்ல வேலையாகவும் இருக்கிறது.

பொசிட்டிவ் ஏர்த் கிற் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். விலையை மட்டும் இங்கே போடாதீர்கள், மனுசியும் வாசிக்கிறாள்.